சீனியாக்கப்பட்ட சர்க்கரை

மூட்டையின் தையலில் இருந்த ஓட்டைக்குள் அந்த அதிகாரி ஆள்காட்டி விரலை விட்டார். ஒரு துண்டை நோண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிச் சப்பினார். விரலை நக்கினார். நக்கிய விரலைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு, ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து 'ஷுகர்' என்று எழுதினார்.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைக்காரப் பெண்கள்கூட, "அந்த நக்குன கதைய ஒருக்கா சொல்லு" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அந்த ஈர விரல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. குமட்டுகிறது.

எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் கரும்பு வெல்லம். பழுப்பாக, உருண்டை உருண்டையாக இருப்பது. காப்பியில் போடும் வெள்ளைப் பொருள் சீனி. மலையாளத்திலும் சர்க்கரை வெல்லம்தான். வெள்ளைக்குப் பஞ்சசாரை என்று தனியாகப் பெயர் உண்டு. தமிழ்நாட்டுக்குள் வடக்கே போனால் வெள்ளையைத்தான் சர்க்கரை என்கிறார்கள் என்பதை நான் எங்கேயோ காதில் கேட்டிருப்பேன். அது எங்களுக்கு ஒரு ஆபத்தாக வரும் என்று நினைக்கவில்லை. நான் எட்டாம் கிளாஸோடு நின்றவள். ஆபத்து எதிலெல்லாம் வரும் என்று யோசிப்பதில் மட்டும் எனக்குக் குறைவு கிடையாது. காஸ் சிலிண்டர், எண்ணெய் உருளி, கரண்ட் வயர், என் வீட்டுக்காரர் வண்டியின் பிரேக் என்று எல்லாவற்றையும் பயந்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தையைப் பயப்படத் தெரியவில்லை.

களியக்காவிளை தாண்டி, கேரளத்துக்குள், உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் ஷெட். ஏத்தன் காய், அதாவது நேந்திரங்காய், வறுத்து உப்பேரி போடுகிறோம்; வெளியூரில் சிப்ஸ் என்பார்கள். என்னோடு வேலை செய்யும் பெண்களும் நானும் வறுப்போம். என் வீட்டுக்காரர் அவருடைய சின்னப் பிக்கப் வண்டியில் காஞ்சிரங்குளம், கோட்டுகால் பக்கமெல்லாம் கடை கடையாகக் கொண்டு போய்ப் போடுவார். ஜி.எஸ்.டி. பதிவு என் பெயரில். வண்டிக் கடன் அவர் பெயரில் இருக்கட்டும், இது உன் பெயரில் இருக்கட்டும் என்று யாரோ சொன்ன யோசனை. அன்றிலிருந்து போனில் ஒரு மெசேஜ் சத்தம் கேட்டால் போதும், வறுப்பதை விட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

வருஷம் முழுக்க வறுத்தாலும் எங்களுக்கு வருஷம் என்பது ஓணம்தான். ஓணத்துக்குச் சர்க்கரைவரட்டி வேண்டும். ஏத்தன் காயைக் கட்டியாக நறுக்கி, எண்ணெயில் வேகவிட்டு எடுத்து, சர்க்கரைப் பாகில் புரட்டி, சுக்குப் பொடியும் ஏலமும் தூவி உதிர்த்து எடுப்பது. சத்யைக்கு, ஓண விருந்துக்கு, இலை போட்டதும் முதலில் விழுகிறது அதுதான். ஓணம் கழிந்த மறுநாள் அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது.

அந்த அதிகாரி மறித்த எங்கள் வண்டியில் இருந்தது, அந்த ஓணத்துக்கு வேண்டிய சர்க்கரை. கையில் இருந்ததெல்லாம் போட்டு வாங்கியது. அது ஷெட்டுக்கு வந்தால் அந்த வருஷம் உண்டு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சேலத்துப் பக்கத்து மண்டி ஒன்றிலிருந்துதான் எப்போதும் வாங்குவோம். உப்புக் கரிக்காது, பாகு சீக்கிரம் இறுகும். மண்டிக்காரர் பழக்கமானவர், பில்லில் அவராகவே 'வெல்லம்' என்று எழுதிவிடுவார். அந்த முறை பில் போட ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நான் காய் உரித்துக்கொண்டிருக்க, பேசினார்.

"அண்ணா, பில்லுல என்னன்னு போடட்டும்? வெல்லமா, சர்க்கரையா?"

"சர்க்கரை தாம் மக்கா. எப்பளும் எடுக்கியது. உருண்டை."

"சர்க்கரை உருண்டையாண்ணா?" அவள் சிரித்தாள்.

"பின்னே சதுரமாவா இருக்கும்?" இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

மண்டியில் மூட்டை ஏற்றுபவர்களுக்கு நாங்கள் வாங்குவது என்னவென்று தெரியும். அவர்கள் வெல்லத்தை ஏற்றினார்கள். அந்தப் பெண் சர்க்கரை என்று அடித்தாள். கம்ப்யூட்டர் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஷுகர் என்று போட்டது. மூட்டையில் தளர்வாக வரும் வெல்லத்துக்கு வரி கிடையாது, அதனால் எங்கள் பழைய கணக்குப்படி வரி போடவில்லை. வரி இல்லாத சரக்கு என்பதால் ரோட்டில் கையில் வைத்திருக்க வேண்டிய ஈ-வே பில்லும் எடுக்கவில்லை. சீனிக்கு இது இரண்டும் வேண்டும். ஆக, தாளைப் பார்த்தால் நாங்கள் சீனி கடத்துகிறோம். மூட்டையைப் பார்த்தால் வெல்லம்.

லாரியில் களியக்காவிளை வரைக்கும் வந்ததை எங்கள் பிக்கப்பில் மாற்றி ஏற்றினோம். சரக்கு நனைந்திருக்கிறதா என்று பார்க்க நானும் போயிருந்தேன். வரும் வழியில் பாறசாலை கழிந்து ஒரு பூட்டிக் கிடந்த மரக்கடைக்கு முன்னால் வரி இலாகாவின் ஜீப் நின்றது. கை காட்டினார்கள்.

அதிகாரி மரியாதைக்காரர். என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"சேச்சி, இதில் ஷுகர் எண்டு உண்டு. வரி இல்ல. ஈ-வே பில் இல்ல. எந்தா இது?"

என் வீட்டுக்காரர் இறங்கிப் போய், "சாரே, அது சர்க்கரையாக்கும். மூட்டையத் தொறந்து பாருங்க" என்றார்.

அப்போதுதான் அவர் விரலை விட்டார். சப்பி முடித்து, "நல்ல சர்க்கரை" என்றார். தலையைக்கூட ஆட்டினார்.

"பின்னே என்ன சாரே?"

"எனக்கு அறியாம், தெரியும். நான் மலையாளி அல்லே? சர்க்கரை எண்டா எனக்குச் சர்க்கரை தன்னே. பக்ஷே, பில் தமிழ் பில். தமிழில் சர்க்கரை எண்டா பஞ்சசாரை."

"சாரே, நாங்களும் தமிழாக்கும்."

"நிங்கள் பாறசாலைத் தமிழ். இது சேலம் தமிழ்."

சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் இல்லை, பகை இல்லை, கைக்கூலி கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன். நாக்குக்குத் தெரிந்ததைக் கை எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த நாக்கில் எங்கள் சர்க்கரை அப்போதும் கரைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

வண்டியை நெய்யாற்றின்கரையில் அவர்கள் ஆபீசுக்குப் பின்னால் கொண்டு நிறுத்தச் சொன்னார்கள். அபராதம் கட்டினால் உடனே எடுத்துக்கொண்டு போகலாம். கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். இருக்கிற நகையை வைத்துக் கட்டலாம். ஓணம் கழியட்டும், பிறகு அழலாம். இவரும் சரி என்ற நேரத்தில், கோர்ட்டுக்கு எதிரே ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று போனோம். அதுதான் தப்போ சரியோ, இன்றுவரை தெரியவில்லை.

வக்கீல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "கெட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா கெட்டினா, 'ஆமா, அது சீனிதான்'னு நீங்க கையெழுத்து போட்ட கணக்காக்கும். நாளைக்கு இவ்வளவு வருஷமா நீங்க எறக்குன லோடு அத்தனையும் சீனிதானான்னு நோட்டீஸ் வரும்."

"அதெல்லாம் வெல்லம்னுதானே சாரே பில் உண்டு?"

"ஒருக்கா மாத்தி எழுதினவன் எப்பளும் மாத்தி எழுதியிருப்பான்னு சொல்லுவினும்."

கட்டினால் ஒரு பயம், கட்டாவிட்டால் ஒரு பயம். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நம்ம சர்க்கரைய நாமளே சீனின்னு சொல்லப்பிடாது. கேஸ் குடுப்போம்" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் அது தைரியம் மாதிரி இருக்கும். நான் அதை நம்பினேன்.

முதலில் அதே ஆபீசுக்குப் பதில் எழுதிக் கொடுத்தோம். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அப்பாடா என்று இருந்தது. மூட்டையை ஒரு படித்தவன் பார்த்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அறிக்கை வந்தது. அதில் சரக்கில் பெரும்பங்கு 'சுக்ரோஸ்' என்று இருந்தது. சுக்ரோஸ் என்றால் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன்.

"சர்க்கரைச் சத்து" என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "சீனிச் சத்து" என்று திருத்தினார். "வெல்லத்திலும் அதுதான், சீனியிலும் அதுதான்."

அந்த அறிக்கையையே சாட்சியாக வைத்து, சரக்கு சீனிதான் என்று ஆபீசில் உத்தரவு போட்டார்கள். அதன் பிறகுதான் எர்ணாகுளம் ஹைக்கோர்ட்.

இதற்குள் ஷெட்டில் நிலைமை வேறு. சர்க்கரை இன்று வரும், நாளை வரும் என்று ஏத்தன் காயை நறுக்கி வறுத்து வைத்துவிட்டோம். காய் பழுத்துப்போனால் வரட்டிக்கு ஆகாது, வேறு வழி இல்லை. வறுத்த துண்டுகள் தகர டின்களில் கிடந்தன. அடைமழை வேறு. மூடியைத் திறந்தால் எண்ணெய்க் காறல் மூக்கில் அடிக்க ஆரம்பித்தது. 'வேறு சர்க்கரை வாங்கவேண்டியதுதானே' என்று கேட்காத ஆள் இல்லை. கைமுதல் எல்லாம் அந்த வண்டியில் பூட்டிக் கிடக்கிறது; ஓண நேரத்தில் கடன் தருகிறவன் யார்? கடையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு உருளி புரட்டிப் பார்த்தோம். கறுப்பாக, கரிப்பாக, பாகு இறுகாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. கூடப் புரட்டிய மூத்த அக்கா ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டுத் துப்பினாள்.

"இத தின்னா ஓணம் இல்ல, அடியந்தரமாக்கும்" என்றாள். அடியந்தரம் என்றால் செத்த வீட்டுச் சாப்பாடு.

பிறகு கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நான் கேக்கேன், தமிழ்நாட்டுல சர்க்கரப் பொங்கல்னு வைக்கினும் இல்லியா? அதுல சீனியா போடினும்?"

இது வக்கீலுக்குத் தோன்றவில்லையே. அன்றைக்கே போன் செய்து சொன்னேன்.

"ஓ, நல்ல பாயின்ட்" என்றார். "ஆனா அதெல்லாம் கோர்ட்டில் பேச நேரம் கிடைக்காது."

வண்டி நின்ற இடத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போவோம். பிடித்த வண்டிகள் எல்லாம் துருவேறிக் கிடக்கும் ஒரு காலி இடம். எங்கள் வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் விலகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. சரி செய்கிறேன் என்று இவர் ஏறப் போனபோது அங்கே இருந்த கிளார்க் ஓடி வந்தார்.

"தொடண்டா, தொடக் கூடாது! சீல் வச்சதாக்கும்."

"சீலுக்குள்ள மழ பெய்யுது சாரே."

"மழ பெய்யட்டும். நிங்கள் தொடாம இருந்தால் மதி, அது போதும்."

அடுத்த முறை போனபோது வண்டியின் பின்பலகை இடுக்கு வழியாகப் பழுப்பாக ஒழுகித் தரையில் குழம்பு கட்டியிருந்தது. அதில் ஈ. ஈ என்றால் ஒன்றிரண்டு அல்ல, ஒரு கறுத்த துணியை விரித்தாற்போல. நாங்கள் நெருங்கியதும் துணி எழுந்து நின்று, மறுபடி படுத்தது. ஒரு சொறிநாய் படுத்தபடியே நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அதிகாரியின் விரல் நினைவுக்கு வந்தது. வேலியோரம் போய்க் குனிந்து நின்றேன். இவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நாயைப் பார்த்து, "நக்கு மக்கா. நக்கிற்று நீயும் ஷுகர்னு எழுது" என்றார்.

எர்ணாகுளத்துக்கு நாங்கள் வரவேண்டியதில்லை என்றுதான் வக்கீல் சொன்னார். நான் கேட்கவில்லை. நம் விஷயத்தை நாம் இல்லாத இடத்தில் பேசினால் எனக்குச் சோறு இறங்காது. ரயிலேறிப் போனோம். முதலில் அவர் எழுதிய மனுவை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். பக்கத்துக்குப் பக்கம் ஷுகர், ஷுகர் என்று இருந்தது.

"சாரே, நீங்களும் சீனின்னு எழுதியிருக்கியளே?"

"சரக்கப் பிடிச்ச தாளில் என்ன வார்த்தை உண்டோ அந்த வார்த்தையில தான் விடுதலை கேக்கணும். வெல்லம்னு கேட்டா, 'அப்படி ஒரு சரக்கு எங்க கையில இல்ல'ன்னு சொல்லிருவினும்."

நான் மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கேவலம். எங்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு பேச வந்தவரும் அந்த வார்த்தையைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

உள்ளே எங்கள் கேஸைக் கூப்பிட்டது, முடிந்தது, எல்லாம் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள். சர்க்கார் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், நம்மவர் ஏதோ சொன்னார், அடுத்த வாரம். அவ்வளவுதான். சர்க்கரை என்றால் சேலத்தில் என்ன, பாறசாலையில் என்ன என்று யாரும் வாதாடவில்லை. சர்க்கரைப் பொங்கல் வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்ல நேரம் வேண்டும் என்று சர்க்கார் வக்கீல் கேட்டாராம். அடுத்த வாரமும் அதையே கேட்டாராம். வராந்தாவில் எங்களைப் போல எத்தனையோ பேர் கையில் பையோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். எல்லாருடைய சட்டைக்கும் ஒரே வேர்வை வாடை, எல்லார் முகத்திலும் ஒரே மங்கல். அந்தச் சுவரில் தலை வைத்து வைத்து ஒரு எண்ணெய்க்கறை நீளமாக ஓடியது. நான் சாயாமல் நின்றேன்.

ஓணம் வந்தது, போனது. அத்தம் முதல் திருவோணம் வரைக்கும் பூக்களம் போட்ட வீடுகளுக்கு முன்னால் நடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டேன். கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஷெட்டில் வேலை செய்தவர்களுக்குப் புடவை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. மூத்த அக்கா, "போட்டும் பெண்ணே, அடுத்த ஓணம் ஓடியா போவும்?" என்றாள். காறிய துண்டுகளைப் பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்து வாரிக்கொண்டு போனார். பன்றியும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியதாம். அதைச் சொல்லித்தான் அவர் காசு குறைத்தார்.

அதற்குப் பிறகு உத்தரவு வந்தது. பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியையும் சரக்கையும் எடுத்துக்கொள்ளலாம். சரக்கு எது என்பதை, அபராதம் சரியா என்பதை, அப்பீலில் பார்த்துக்கொள்ளட்டும். உத்தரவிலும் ஷுகர்தான்.

போனோம். வாசலிலேயே மூக்கைப் பிடிக்கவேண்டியிருந்தது. இனிப்பு அழுகினால் வரும் நாற்றம் மீன் நாற்றத்தைவிட மோசம். அது தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூட்டைகள் மூட்டையாக இல்லை. சாக்கு நனைந்து, உள்ளே பாதி ஓடிப்போய், மீதி நுரைத்துப் புளித்துக்கொண்டிருந்தது. குமிழ் விடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

கிளார்க் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு ரெஜிஸ்டரோடு வந்தார்.

"சேச்சி, வேகம் கொண்டு போங்கோ. இது இப்ப கோடா ஆயிட்டு. எக்சைஸ்காரன் கண்டா நிங்களப் பிடிக்கும்."

கோடா என்றால் சாராயம் வாற்றுவதற்குச் சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்க வைப்பது. அது கையில் இருந்தாலே கேஸ். சீனிக் கேஸிலிருந்து இறங்கி சாராயக் கேஸில் ஏறப் போகிறோம். இத்தனை பயத்தையும் பயந்து வைத்திருந்த எனக்கு இந்த ஒன்று தோன்றவே இல்லை.

"இங்க எழுதி ஒப்பிடுங்கோ" என்று கையெழுத்துக்காகக் கிளார்க் ரெஜிஸ்டரை நீட்டினார். "'ஷுகர், நல்ல நிலையில் கிட்டி.' அத்ர மதி."

"நல்ல நிலையா?"

"அங்ஙன எழுதியால் மாத்ரமே வண்டி விட முடியும்."

இவர் பல்லைக் கடித்தார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல சீனி கிடைத்தது என்று எழுதினால் எக்சைஸ்காரனிடம் காட்ட ஒரு தாள் ஆகும். ஆனால் சீனி என்று ஒத்துக்கொண்டதாகவும் ஆகும், கெடவே இல்லை என்றும் ஆகும். கெட்டுப்போன சர்க்கரை என்று எழுதினால் கேஸுக்கு நல்லது. ஆனால் கோடாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று நாமே எழுதிக் கொடுத்தது ஆகும். எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரு இலாகா கடிக்கும்.

"ஏதெங்கிலும் எழுது சேச்சி, சர்திக்கான் வருது" என்றார் கிளார்க். அவருக்கு வாந்தி வருகிறதாம்.

எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை, அதைவிடக் கசப்பான ஒன்று. கறை படிந்த அந்தத் தாளில், எனக்குத் தெரிந்த தமிழில், எட்டாம் கிளாஸ் கையெழுத்தில் எழுதினேன்: 'நாறிப்போன சர்க்கரை கிடைத்தது. சீனி அல்ல.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

கிளார்க் அதைப் பார்த்தார். பார்த்தாரே தவிர வாசிக்கவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எங்கள் பில்லுக்குச் சேலத்துத் தமிழில் அர்த்தம் சொன்ன ஆபீசில், ஒரு வரி தமிழ் வாசிக்க அப்போது ஆள் இல்லை. சீலை ஓங்கி அடித்து, ஒரு நகலும் எடுத்துக் கொடுத்து, "மதி, மதி, போங்கோ" என்றார்.

நெய்யாற்றின்கரை தாண்டி வரும் வழியில், நான் பயந்தபடியே, எக்சைஸ் ஜீப் நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே நாற்றம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு அதிகாரி, ஒரு சிப்பாய். அதிகாரி பின்பலகையைத் தடியால் தட்டினார். நுரை வழிந்தது.

"கோடாவா?"

"இல்ல சாரே, சர்க்கரை. மழயில கெட்டதாக்கும்" என்று இவர் கை கூப்பினார். நான் நகலை நீட்டினேன். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிப்பாயிடம் கொடுத்தார். "நீ பாறசாலைக்காரன் அல்லே? வாசி."

சிப்பாய் வாசித்தார். வாசிக்கும்போதே உதடு கோணியது.

"எக்கா, இத யாரு எழுதியது?"

"நானாக்கும்."

"சர்க்கார் சீலுக்கு மேலயா எழுதின?"

"எழுதுனதுக்கு மேல அவியதான் சீல் அடிச்சினும்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பி அதிகாரியிடம் மலையாளத்தில் சொன்னார்: சர்க்கரைதான் சாரே, சீத்தையானது, கெட்டுப்போனது என்று அவர்கள் ஆபீசே சீல் வைத்திருக்கிறது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, இதை வீட்டுக்குக் கொண்டு போக விடமுடியாது, இங்கேயே அழிக்கவேண்டும் என்றார். ரோட்டோரம் ஒரு குழியில் எங்கள் கையாலேயே தள்ளினோம். என் வீட்டுக்காரர் மண்வெட்டியால் இழுத்தார், நான் சாக்கைப் பிடித்து உதறினேன். ஓணத்துக்கு வாங்கிய சர்க்கரை குழிக்குள் குமிழ் விட்டுக்கொண்டு இறங்கியது. முழங்கை வரைக்கும் பிசுபிசுப்பு. சிப்பாய் ஒரு மகசர் எழுதி அதில் எங்களிடம் ஒப்பு வாங்கினார். 'சீத்தையான சர்க்கரை அழிக்கப்பட்டது' என்று இருந்தது. மலையாளத்தில்தான், ஆனால் சர்க்கரை என்று.

இத்தனை மாதத்தில் சர்க்கார் ஆள் தன் கையால் அந்த வார்த்தையை எழுதியது அப்போதுதான். அதற்குச் சரக்கு அழுகவேண்டியிருந்தது, குழியில் போகவேண்டியிருந்தது. சந்தோஷப்படலாமா என்று யோசித்தேன். கையை முகர்ந்து பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

வண்டியை எத்தனை தடவை கழுவினாலும் மழை பெய்தால் தட்டுப் பலகையின் இடுக்கிலிருந்து எறும்பு வருகிறது. இப்போது நாங்கள் உப்பேரி மட்டும் வறுக்கிறோம். மண்டிக்கு இவர் போன் செய்வதில்லை. அபராதத்தின் மேல் அப்பீல் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

போன வாரம் மகசர் நகலை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனோம். அவருக்கு ஒரே ஆனந்தம். "இது போதும்! ஒரு இலாகா ஷுகர்ங்குது, இன்னொரு இலாகா சர்க்கரைங்குது. இத வச்சு அடிச்சிரலாம்" என்று உடனே டைப் செய்யச் சொன்னார். அடித்து முடித்த தாளை நான் வாங்கி எழுத்துக்கூட்டினேன். சரக்கு அழிக்கப்பட்ட விவரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டேன்.

"இது என்ன சாரே எழுதியிருக்கியது?"

"'டிஸ்ட்ராய்ட் ஷுகர்.' அழிக்கப்பட்ட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "பழைய வார்த்தையையே கொண்டு போகணும் இல்லியா. இல்லாட்டி கேஸ் வேற ஆயிப்போவும்."

இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஓடையோரம் குனிந்து துப்பினேன். வாயில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுபடி துப்பினேன்.